புள்ளியைத் தின்னும் பெட்டிகள்

கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் திரையில் ஒரு எழுத்து வந்து உட்காரும். இதில் எழுதுவதற்கு என்னய்யா இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. என்னைப் போல் பொட்டி தட்டிப் பிழைக்கிறவர்களில் பல பேர் இன்றைக்கும் இதை வேதவாக்காக நம்புகிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும், அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் அந்த நம்பிக்கையை அப்படியே நிரலாக எழுதி, மென்பொருளாக்கி, ஜிஎஸ்டியோடு பில் போட்டு விற்கவும் செய்கிறார்கள். வாங்குகிற நாம்தான் புள்ளியையும் துணைக்காலையும் தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசை வேறு, எழுத்து வேறு. ஒரு பெட்டிக்குள் என்ன எழுதலாம், என்ன கூடாது என்று விசையைத் தட்டுகிற கணத்திலேயே தீர்ப்புச் சொல்கிற எந்த டெஸ்க்டாப் மென்பொருளும் தமிழ்ப் பெயர் ஒன்றை ஒழுங்காக எழுத விடாது. இதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நொய்டாவிலும் குர்காவிலும் பெங்களூரிலும் நியூ ஜெர்சியிலும் உட்கார்ந்திருக்கிற நம்மாட்கள்தான் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

கொஞ்சம் டெக்னிகலாகப் போகும். பயப்பட வேண்டாம். தங்கமணிக்குப் படித்துக் காட்டி, "புரியுது, ஆனா ரொம்ப நீளம்" என்று சான்றிதழ் வாங்கிய பிறகுதான் போடுகிறேன்.

லக்ஷ்மிபாய் நகர் தெரியாதவர்களுக்கு: தெற்கு தில்லியில் ஐஎன்ஏ மார்க்கெட்டுக்கும் சரோஜினி நகருக்கும் பக்கத்தில் இருக்கும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. குவார்ட்டர்ஸ் தங்கமணியின் பெயரில், அடியேன் ஒண்டிக்குடித்தனம் :-) தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. அதனால் ஹிந்திக்கும் பஞ்சாபிக்கும் நடுவே திடீரென்று "டேய், பாட்டில எங்கடா வெச்ச?" என்று காதில் விழும். வெளியூரில் இருப்பவனுக்கு அது ஒரு குளுகோஸ்.

எங்கள் பக்கத்து பிளாக்கில் மகள் வீட்டில் இருக்கும் மாமா ஒருவர், கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சங்கத்தின் (பெயர் வேண்டாம், பாவம்) உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கென்று ஒரு உள்ளூர்க் கம்பெனியிடம் மென்பொருள் வாங்கியிருந்தார்கள். பெயர், விலாசம், சந்தா கட்டியாகிவிட்டதா, அவ்வளவுதான். பெயரைத் தமிழிலும் போட ஒரு பெட்டி வேண்டும் என்று மாமா அடம்பிடித்து வாங்கியிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ கம்ப்யூட்டர்காரன்தானேப்பா? கிருஷ்ணமூர்த்தின்னு அடிச்சா என்ன வருதுன்னு பாரு."

பார்த்தேன். "கரஷணமரதத" என்று வந்தது.

"மீனாட்சின்னு அடிங்க மாமா."

"மனடச."

"நோட்பேட்ல?"

"அதுல நன்னாத்தான் வருது. இதுல மட்டும்தான் இந்த அழகு."

விற்ற கம்பெனியின் பையனுக்கு போன் போட்டால் "ஃபாண்ட் ப்ராப்ளம் ஹை, சார்ஜி" என்றான். தமிழில் எது சரியாக வராவிட்டாலும் முப்பது வருடமாக இந்த நாட்டில் சொல்லப்படும் ஒரே பதில் இதுதான். கம்ப்யூட்டர் தீப்பிடித்து எரிந்தாலும் ஃபாண்ட் ப்ராப்ளம்தான். உண்மையில் எழுத்துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எழுத்துரு தப்பாக இருந்தால் கட்டம் கட்டமாக வரும், கொம்பு இடம் மாறி நிற்கும். இங்கே கட்டமும் இல்லை, கொம்பும் இல்லை. யாரோ வாசலில் நின்று, மெய்யையும் உயிரையும் உள்ளே விட்டுவிட்டு, புள்ளி, துணைக்கால், கொம்பு, கொக்கி எல்லாவற்றையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

யார் அந்த வாட்ச்மேன் என்று பார்க்க, விசை தட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஆங்கில ஏ எழுத்து அச்சிட்ட விசையைத் தட்டுகிறீர்கள். அது ஏ என்று கீபோர்டுக்குத் தெரியாது. இத்தனாம் நம்பர் விசை அமுங்கியது என்று ஒரு எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். பிசியில் அந்த விசைக்கு எண் 30. விரலை எடுத்தால் இன்னொரு சேதி. விண்டோஸ் அதை வாங்கி, "இந்த விசை கீழே போனது" என்று உங்கள் மென்பொருளின் சேதி வரிசையில் போடும். இதுதான் கீடவுன். மென்பொருள் அந்தச் சேதியை எடுத்து, டிரான்ஸ்லேட்மெசேஜ் என்ற ஜன்னலில் நீட்ட வேண்டும். அங்கே, அப்போது எந்த விசைப்பலகை அமைப்பு போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து, "இதற்கு இன்ன எழுத்து" என்று இரண்டாவதாக ஒரு சேதி பிறக்கும். விஷுவல் பேசிக், டாட்நெட் ஆட்களுக்கு இது கீபிரஸ் என்றால் புரியும். ஜாவாவில் 1997-லேயே கீபிரஸ்டு, கீடைப்டு, கீரிலீஸ்டு என்று மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். சார்லஸ் பெட்சோல்ட் எழுதிய தலையணைப் புத்தகத்தில் இந்தச் சேதிகளுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. படித்தவர்களுக்குத் தெரியும், முதலிலிருந்தே விசையும் எழுத்தும் வேறு வேறு சேதிகள்தான். ஆங்கிலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருவதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

மேலே, கீழே போகும் அம்புக்குறிகள், எஃப்1, கன்ட்ரோலோடு எஸ் தட்டிச் சேமிப்பது, விளையாட்டில் துப்பாக்கி சுடுவது இதற்கெல்லாம் கீடவுனைக் கேளுங்கள், தப்பே இல்லை. எழுத்துக்கு அங்கே போகாதீர்கள்.

நம்ம கம்பெனிப் பையன் என்ன செய்திருந்தான்? பெயர்ப் பெட்டியில் யாரும் எண்ணையோ, வால் முளைத்த குறிகளையோ அடித்துவிடக் கூடாது என்று கீபிரஸ்ஸில் ஒரு காவல் போட்டிருந்தான். வந்தது எழுத்தா என்று டாட்நெட்டில் இருக்கும் ஈஸ்லெட்டர் என்ற ஃபங்ஷனைக் கேட்பது. ஆமாம் என்றால் உள்ளே, இல்லை என்றால் வெளியே. ஆங்கிலத்துக்கு ரொம்ப அழகாக வேலை செய்யும்.

தமிழில் "அம்மா" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். இதில் அ, ம இரண்டையும்தான் யூனிகோட் "எழுத்து" என்று வகைப்படுத்தியிருக்கிறது. புள்ளியும் துணைக்காலும் அதன் கணக்கில் "குறி". ஈஸ்லெட்டரிடம் துணைக்காலைக் காட்டி இது எழுத்தா என்று கேட்டால், இல்லை என்று நேர்மையாகச் சொல்லும். ஐந்தில் இரண்டு வெளியே போய், அம்மா "அமம" ஆகிவிடுவாள். எங்கள் காலனியின் பெயரை அடித்தால் "லகஷமபய நகர". ஜான்சி ராணி குதிரையோடு வந்தாலும் இந்த வாசலைத் தாண்ட முடியாது.

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும், "பார்த்தீர்களா, யூனிகோட் தமிழுக்குச் செய்த அநியாயம், உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் கொடுத்திருந்தால் இது வந்திருக்குமா?" என்று. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும், உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனி இடம் கொடுக்கும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்ததற்குப் பின்னால் இந்த ஆதங்கமும் உண்டு. ஆதங்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் நம் பிரச்சினைக்கு அது மருந்தில்லை. எழுத்து 247. அதை உள்ளே எப்படிச் சேமித்தாலும், மேஜை மேல் இருக்கும் கீபோர்டில் 247 விசை கிடையாது. மெய்யும் உயிரும் தட்டித்தான் உயிர்மெய் பிறக்க வேண்டும். ஆக ஒரு தட்டு, ஒரு எழுத்து என்ற கணக்கு எந்தக் குறியீட்டிலும் தமிழுக்குப் பொருந்தாது.

இதே அம்மாவை மூன்று விதமாக அடித்துப் பார்த்தால் இன்னும் ருசி.

முதலில் இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக மத்திய அரசு வகுத்த அமைப்பு. 2000-இல் வந்த விண்டோஸ் 2000-தான் தமிழைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்த முதல் விண்டோஸ். லதா எழுத்துருவும் இந்த இன்ஸ்கிரிப்ட் கீபோர்டும் அதோடு வந்தன. இதில் அம்மாவுக்கு ஐந்து தட்டு: அ, ம, புள்ளி, ம, கால். தட்டுக்கு ஒன்றாக யூனிகோடின் ஐந்தும் வந்துவிடும். தமாஷ் என்னவென்றால் எதிர் வீட்டு ஷர்மாஜியின் பையன் ஹிந்தி இன்ஸ்கிரிப்டில் "அம்மா" என்று அடித்தால் அதே ஐந்து விசைகளை அதே வரிசையில்தான் தட்டுவான். தேசிய ஒருமைப்பாடு என்று சும்மாவா சொன்னார்கள்!

இரண்டாவது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் குழந்தை. அதே வருடம் தமிழக அரசு இதைத் தரமாக்கியது. இதில் அம்மாவுக்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். அடுத்து ஆ தட்டினால் கால் ஒட்டிக்கொள்ளும். க்க, த்த மட்டுமில்லை, ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த வந்தாலும் புள்ளி தானாக விழும். மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினம்தான் வரும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட இலக்கணத்தை, யாரோ ஒரு புண்ணியவான் கீபோர்டுக்குள் வைத்திருக்கிறார். "மமதை" மாதிரி புள்ளி வேண்டாத இடத்தில் முதல் ம-வுக்குப் பின் ஒரு அ தட்டிவிட்டால் போதும். உயிரெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யில் பெரும்பகுதி வலது கைப் பக்கம் என்பதால் இரண்டு கையும் மாறி மாறிப் போகும், வேகம் தானாக வரும்.

மூன்றாவது, நம்மில் பெரும்பாலானோர் அடிக்கும் ஆங்கில ஒலிபெயர்ப்பு. மலேசியாவின் முத்து நெடுமாறன் தந்த முரசு அஞ்சலில் பழகி, பிறகு முகுந்தின் இ-கலப்பைக்கு வந்து, அதற்கும் பிறகு நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டருக்குத் தாவிய பரம்பரை நாம். இதில் எம் தட்டினால் முதலில் "ம்" வரும். அடுத்து ஏ தட்டினால் அந்தப் புள்ளி மறைந்து "ம" ஆகும். எப்படி மறைகிறது? இ-கலப்பையின் ஆரம்பப் பதிப்புகள் கீமேன் என்ற ஆஸ்திரேலிய மென்பொருளின் மேல் ஓடின. இந்த மாதிரி மென்பொருள்கள் விண்டோஸின் விசை வரிசையில் இடையில் புகுந்து, நீங்கள் தட்டியதை எடுத்துக்கொண்டு, தாமே ஒரு பேக்ஸ்பேஸைத் தட்டிப் புள்ளியை அழித்துவிடும். நீங்கள் தட்டாத பேக்ஸ்பேஸ்!

இப்போது இதைக் கொண்டுபோய் மாமாவின் பெட்டியில் வையுங்கள். எம் தட்டியதும் ம, புள்ளி என்று இரண்டு போகிறது. வாட்ச்மேன் புள்ளியைத் தடுத்துவிட்டான். அடுத்து ஏ தட்டியதும் புள்ளியை அழிக்க ஒரு பேக்ஸ்பேஸ் போகிறது. பேக்ஸ்பேஸை வாட்ச்மேன் தடுக்க மாட்டான். அங்கே புள்ளி இல்லையே, பாவம் ம-தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டுப் போய்விடும். தமிழ்99-இல் "அமம" ஆன அம்மா, இதில் "அம" என்று இன்னும் இளைத்துவிடுவாள். அதே பெட்டி, அதே பெயர், ஆளுக்கு ஆள் வேறு வேறு தப்பு. புகார் கொடுத்தால் "எங்க மெஷின்ல அப்படி வரலியே சார்" என்பார்கள். வராதுதான்.

இதற்கு முந்தைய காலம் ஒன்றும் பொற்காலமில்லை. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இன் சொந்தப் பெட்டிகளுக்கு யூனிகோடே தெரியாது. தமிழ் அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். அதனால்தான் டிஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டை வைத்துக்கொண்டு ஓட்டினோம். ஈழத்து நண்பர்களுக்குப் பாமினி கைவந்த கலை. அதில் புள்ளி இருந்தது ஆங்கில அரைப்புள்ளி விசையில். "எழுத்து மட்டும்" பெட்டி அப்போதும் அரைப்புள்ளியைத் தின்றது, நம் புள்ளி போனது. குறியீடு மாறியிருக்கிறது, எழுத்துரு மாறியிருக்கிறது, இந்த ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. அதனால்தான் நான் எழுத்துருவையோ யூனிகோடையோ குற்றம் சொல்லத் தயாராக இல்லை.

சரி, எண்ணும் குறியும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் காவல் அதையாவது ஒழுங்காகச் செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. எலியின் வலது பொத்தானை அழுத்தி "பேஸ்ட்" கொடுங்கள். எந்த விசையும் தட்டப்படாததால் வாட்ச்மேனுக்குச் சேதியே போகாது. போன் நம்பர், ஆச்சரியக்குறி எல்லாம் பெயர்ப் பெட்டிக்குள் ராஜநடை போட்டு நுழையும். திருடன் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருக்கிறான், இவன் வாசலில் நின்று பாட்டியை மடக்குகிறான்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. விசையை விட்டுவிட்டு, பெட்டியில் சேர்ந்து நிற்கும் உரையைப் பார்க்க வேண்டும். டாட்நெட்டில் அதற்கு டெக்ஸ்ட்சேஞ்டு இருக்கிறது, பெட்டியை விட்டு வெளியேறும்போது கூப்பிடும் வேலிடேட்டிங் இருக்கிறது. ஜாவா ஸ்விங்கில் 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து டாக்குமென்ட்ஃபில்டர் இருக்கிறது. தட்டினாலும் ஒட்டினாலும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். கியூட்டியில் வேலிடேட்டர். சோதிக்கும்போது "எழுத்து" மட்டுமில்லை, "எழுத்தும் அதோடு ஒட்டும் குறியும்" என்று கேட்க வேண்டும். ஒரு வரி கூடுதல். நம்ம கம்பெனிப் பையனை டீக்கு உட்கார வைத்து, அவனுடைய ஹிந்திப் பெயரையே அந்தப் பெட்டியில் அடிக்கச் சொன்னதும் மாத்திரையெல்லாம் உதிர்ந்து விழுந்ததைப் பார்த்தான். அதுவரை "மதராஸி ப்ராப்ளம்" ஆக இருந்தது சட்டென்று அவன் ப்ராப்ளம் ஆனது. அன்று மாலைக்குள் திருத்தி அனுப்பிவிட்டான்.

ஹிந்திக்கும் இதே கதி என்றால் தில்லியில் இதை ஏன் யாரும் இத்தனை நாள் கேட்கவில்லை என்று யோசித்தேன். எனக்குத் தோன்றிய காரணம்: ஹிந்தி டைப்பிஸ்டுகளில் ஏராளமானவர்கள் ரெமிங்டன் பழக்கத்தில் குருதிதேவ் மாதிரி பழைய எழுத்துருக்களோடு வாழ்க்கையை ஓட்டிவிட்டார்கள். படிவத்தில் பெயர் போடுகிறவர்கள் ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறார்கள். யாரும் முட்டிப் பார்க்காத சுவர் யாருக்கும் வலிக்காது.

சொந்தமாகப் பெட்டி வரைகிறவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம். அலங்காரமாக இருக்க வேண்டும் என்று சிஸ்டம் தரும் உரைப்பெட்டியை விட்டுவிட்டுத் தாங்களே ஒன்றை வரைந்து, வரும் விசையை ஒவ்வொன்றாக வாங்கி எழுத்தாகப் போடுகிறார்கள். தமிழ்99-க்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று தெரிந்தால்தான் புள்ளி வைக்கலாமா, கால் ஒட்டலாமா என்று முடிவு செய்ய முடியும். க தட்டுகிறீர்கள், எலியால் வேறு வரிக்குப் போகிறீர்கள், ஆ தட்டுகிறீர்கள். ஒட்ட வேண்டியது காலா, முழு ஆ-வா? சிஸ்டம் தந்த பெட்டி என்றால், "கர்சருக்கு முன்னால் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பதில் சொல்லும். கியூட்டியிலும் ஜிடிகேயிலும் மேக்கிலும் இந்தக் கேள்வி பதிலுக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. கையால் வரைந்த பெட்டி முழிக்கும். ஜாவாவில் 1998-லேயே, 1.2 பதிப்பில், உள்ளீட்டு முறைகளுக்குத் தனி வாசல் திறந்துவிட்டார்கள். சீன, ஜப்பானிய மொழிகளுக்கு அது இல்லாமல் ஒரு வரி அடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை வைத்துக்கொண்டு அவர்கள் சண்டை போட்டு வாங்கிய வாசலில் நாமும் நுழைந்துகொள்ளலாம், காசா பணமா.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். தமிழ் அமைப்பில் இருக்கும்போது கன்ட்ரோலோடு எஸ் தட்டினால், எஸ் எங்கே வந்தது, இ அல்லவா வந்தது என்று சேமிக்காமல் உட்கார்ந்திருக்கும் செயலிகள் அங்கே உண்டு. இது நேரெதிர்த் தப்பு. எழுத்து வேண்டிய இடத்தில் விசையைப் பார்ப்பது ஒரு வியாதி, விசை வேண்டிய இடத்தில் எழுத்தைப் பார்ப்பது இன்னொன்று.

"இப்ப எல்லாரும் போன்லதானே அடிக்கிறாங்க, டெஸ்க்டாப்பைக் கட்டிக்கிட்டு அழறீங்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்புவதற்குப் போன் போதும்தான். ஆனால் உங்கள் பெயர் நிரந்தரமாகப் பதிவாகிற இடங்களை யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளிக்கூட அலுவலகம், பேங்க் கவுண்டர், சங்கத்து ரிஜிஸ்டர். அங்கெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் டெஸ்க்டாப்பில்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஆங்கிலத்திலேயே போட்டால் என்ன குறைந்துவிட்டது?" என்பது அடுத்த கேள்வி. இதை வெளியூர்த் தமிழனிடம் கேட்கக் கூடாது. ஏற்கெனவே தில்லியில் "சர்நேம்" என்ற கட்டத்தில் எதையாவது போட்டாக வேண்டும் என்று அப்பா பெயரைப் போட்டு, எங்கள் வீட்டுக்கு வரும் கூரியர் பையன் இருபது வருடமாக என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறான். அது போகட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் வள்ளியும் வல்லியும் ஒன்றுதான். அழகம்மாளின் ழகரம் எந்த எழுத்து என்று இங்கே பிறந்த பேத்திக்கு எப்படித் தெரியும்? ஊரில் என்றால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடைப் பலகை என்று பெயர் நாலு இடத்தில் கண்ணில் படும். இங்கே பாட்டியின் பெயர் தமிழில் இருக்கும் ஒரே இடம் அந்தச் சங்கத்து ரிஜிஸ்டராக இருக்கலாம். மாமா அடம்பிடித்தது அதற்குத்தான். மென்பொருள் சரியாவதற்குள் முந்நூறு பெயருக்கு மேல் ஆங்கிலத்தில் மட்டும் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவற்றில் எது லகரம், எது ளகரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மாமா ஒவ்வொரு வீடாகப் போன் போட்டார். சில வீடுகளில் போனை எடுத்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் பேருக்குக் கோபம் வரும். பிள்ளைகளுக்கு ஒலிபெயர்ப்பில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். நாற்பது தாண்டிய நமக்குக் கை பழகிவிட்டது, விட்டுவிடலாம். தமிழை வீட்டுப் பேச்சாகவும் வாரத்தில் சில பீரியடுகளாகவும் மட்டும் அறிந்த பிள்ளை, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனசுக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித்தான் அடிக்கும். தமிழ்99-இல் மெய்யையும் உயிரையும் சேர்த்தால் உயிர்மெய் என்பதை விரல் கற்றுக்கொள்கிறது. இப்போது தனியாக எதையும் நிறுவக்கூட வேண்டாம், விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டு வாண்டு பத்து நாளில் பிடித்துக்கொண்டது. தங்கமணி இன்னும் ஒலிபெயர்ப்புக் கட்சிதான். வீட்டில் இரண்டு கட்சி ஆட்சி நடக்கிறது.

மென்பொருள் எழுதும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வெளியில் அனுப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு பெட்டியிலும் "லக்ஷ்மிபாய் நகர்" என்று தமிழ்99-இல் ஒரு முறை, ஒலிபெயர்ப்பில் ஒரு முறை, வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டி ஒரு முறை போட்டுப் பாருங்கள். இடைவெளியோடு சேர்த்து 16 குறியீடுகள் முழுசாக வர வேண்டும். பிறகு கர்சரை நடுவில் வைத்து ஒரு பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். கடைசியில் கன்ட்ரோலோடு எஸ், தமிழ் அமைப்பை மாற்றாமலே.